ஹோட்டல் வேலை: நேர்முகத் தேர்வும் சம்பளப் பேச்சும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஹோட்டல் தொழில் என்பது பெரும்பாலும் ஏ-9 வீதியோரத் தங்குமிடங்களும் உணவகங்களும் மண்டபங்களும்தான். பெரிய ஹோட்டல்கள் யாழ்ப்பாணம், திருகோணமலை, பாசிக்குடா, கொழும்பு என வெளியே இருக்கின்றன. கசினோக்கள் கொழும்பில் இருக்கின்றன. 2025 ஓகஸ்டில் 'சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்' கசினோ அங்கேதான் திறக்கப்பட்டது. ஆகவே இந்த வன்னி மாவட்டங்களிலிருந்து இந்த வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போகிறவர். சம்பளம் பேசும்போது தங்குமிடமும் சாப்பாடும் அவருக்குப் பணத்துக்குச் சமம்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழை விட ஆளையே அதிகம் பார்க்கிறார்கள். உடை, நகம், தலைமுடி, கண் பார்த்துப் பேசும் பழக்கம் எல்லாம் கவனிக்கப்படும். அறைப் பராமரிப்புக்குக் கட்டில் விரித்துக் காட்டவும், பரிமாறும் வேலைக்கு மேசை அடுக்கவும், சமையலறைக்கு வெங்காயம் வெட்டவும் சொல்வதுண்டு. விருந்தினர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். முதலில் முழுவதையும் கேட்டு, மன்னிப்புக் கேட்டு, தன்னால் தீராததை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவேன் என்பது நல்ல பதில். கொழும்பில் சிங்களமும் ஆங்கிலமும் தேவை. தமிழும் தெரிந்திருப்பது தமிழ் விருந்தினர் வரும் ஹோட்டலில் ஒரு தகுதி. அதைத் தயங்காமல் சொல்லலாம். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் இருந்தால் உதவும்.

கசினோவில் சீட்டு, ரூலெட் மேசைகளை நடத்தும் டீலருக்குப் பயிற்சியைப் பல இடங்களில் நிறுவனமே கொடுக்கிறது. தேர்வில் பார்ப்பது மனக்கணக்கையும் கைவேகத்தையும்தான். எண்களிட்ட சக்கரம் சுழலும் ரூலெட்டில் ஒற்றை எண்ணில் வென்றவருக்கு 35 மடங்கு, இரண்டு எண்களுக்கு நடுவே வைத்தவருக்கு 17 மடங்கு கொடுக்கவேண்டும்; 35, 17 வாய்ப்பாடுகள் தடுமாறாமல் வரவேண்டும். இரவு வேலை வழக்கமானது என்பதால் முறைமாற்றத்தையும் வேலை முடிந்து திரும்பும் வாகனத்தையும் முன்பே கேட்டறிய வேண்டும்.

சம்பளம் என்று சொல்லப்படும் தொகைக்குள் பல துண்டுகள் இருக்கின்றன. முதலாவது அடிப்படைச் சம்பளம். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. அதற்குக் கீழே பேச்சே இல்லை. இரண்டாவது சேர்விஸ் சார்ஜ். பில்லில் 10 சதவீதமாகச் சேர்க்கப்படும் இத்தொகை ஊழியர்களுக்குப் பங்கிடப்படுகிறது. விருந்தினர் நிறைந்த மாதத்தில் கூடும், வெறிச்சோடிய மாதத்தில் சுருங்கும். எனவே நல்ல மாதத்தின் கணக்கைக் காட்டி அழைப்பவரிடம், கடந்த ஆண்டின் மிகக் குறைந்த மாதத்தில் எவ்வளவு கிடைத்தது, பயிற்சிக் காலத்தில் பங்கு உண்டா என்று கேட்கவேண்டும். மூன்றாவது ஊழியர் சேமலாப நிதி: ஊழியரிடம் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். பல இடங்களில் இவை அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படுவதால், சேர்விஸ் சார்ஜ் பெரிதாகவும் அடிப்படை சிறிதாகவும் உள்ள வேலையில் சேமிப்புக் குறையும்.

உதாரணமாக, கொழும்பில் ஒரு ஹோட்டல் 40,000 ரூபாவுடன் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறது. இன்னொன்று 55,000 தந்து இரண்டையும் தருவதில்லை. அறை வாடகையும் சாப்பாடும் மாதம் 25,000 ஆனால் முதலாவதே 10,000 ரூபா மேல். ஊருக்கு வந்துபோகும் செலவையும், விடுமுறை நாட்களைச் சேர்த்து எடுக்கமுடியுமா என்பதையும் இக்கணக்கில் சேர்க்கவேண்டும்.

தொகை பேசும் நேரம் வேலை தருவதாகச் சொன்ன பின்புதான். புதியவருக்கு அடிப்படையைக் கூட்டிக் கேட்க இடம் குறைவு. ஆறு மாதத்தில் மறுபரிசீலனை, தங்குமிடம், முறைமாற்றம் ஆகியவற்றில் இடமுண்டு. பேசியதெல்லாம் நியமனக் கடிதத்தில் வரவேண்டும். ஹோட்டல்களுக்கும் பொருந்தும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரத்தை வரையறுக்கிறது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பிணக்கு வந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

வளைகுடா அல்லது மாலைதீவு வேலையென்றால் முகவரின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கவேண்டும். சுற்றுலா விசாவில் அழைப்பதும் நேர்முகத் தேர்வுக்கு முன் பணம் கேட்பதும் மோசடியின் அடையாளங்கள். கவர்ச்சியான சம்பளத்தை நம்பிப் போன இலங்கையர் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, பின்னர் மீட்கப்பட்டிருக்கிறார்கள்.