சாணம் தரும் சமையல் வாயு!

வீட்டில் நாலைந்து மாடுகள் இருக்கின்றனவா? அப்படியானால் அடுப்புக்கு வேண்டிய எரிவாயு உங்கள் தொழுவத்திலேயே இருக்கிறது!

மாட்டுச் சாணத்தை வரட்டி தட்டி எரிப்பது வழக்கம். வரட்டி எரிந்தால் சோறு வேகும். கூடவே புகையும் கிளம்பும். அடுப்பருகே நிற்கும் தாயாருக்குக் கண் எரியும், இருமல் வரும். இத்தகைய அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. வயலுக்குப் போக வேண்டிய நல்ல உரமும் அடுப்பிலே சாம்பலாகி விடுகிறது.

ஒரே சாணம் அடுப்புக்கும் வயலுக்கும் உதவுமா? உதவும்! அதற்கு வழிதான் சாண எரிவாயு.

எப்படி உண்டாகிறது?

சாணத்தையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, காற்றுப் புகாத தொட்டியில் விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று, மீதேன் என்ற வாயுவை உண்டாக்குகின்றன. வாயு தொட்டியின் மேற்பகுதியில் சேருகிறது. அங்கிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வருகிறது. பற்ற வைத்தால் நீலச் சுடர், புகை இல்லை!

வாயு பிரிந்த சாணக் கரைசல் தொட்டியின் மறுபக்கம் வெளியே வருகிறது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்து அதில் இருக்கிறது. அதை வயலுக்கு உரமாகப் போடலாம்.

ஜஷ்பாய் படேல் என்பவர் 1950களில் இதற்கு ஒரு தொட்டி அமைத்தார். அதன் மேலே இரும்புத் தொப்பி ஒன்று மிதக்கும். வாயு சேரச் சேரத் தொப்பி உயரும்; எரிக்க எரிக்க இறங்கும். 1962-ல் காதி கிராமத் தொழில் கமிஷன் இதை ஏற்றுக் கொண்டது. ஆனால் இரும்புக்குச் செலவு அதிகம், துருவும் பிடிக்கும். ஆகவே 1984-ல் செங்கல் கும்மட்டம் வைத்த 'தீனபந்து' தொட்டி வந்தது.

தினமும் சுமார் 50 கிலோ சாணம் போட்டால் 2 கன மீட்டர் வாயு கிடைக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு இது போதும்.

உலகுக்கு என்ன லாபம்?

காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துப் புல் வளர்கிறது. புல்லை மாடு தின்கிறது. சாண வாயு எரியும்போது, புல் எடுத்த கரியமில வாயுதான் காற்றுக்குத் திரும்புகிறது. மண்ணெண்ணெய் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் புதைந்து கிடந்ததை அது புதிதாகக் காற்றில் சேர்க்கிறது. பூமி சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு எச்சரிக்கை! மீதேன் எரியாமல் கசியக் கூடாது. எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். வாயு நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு உயிரைக் குடித்துவிடும்.

மாட்டை விற்றுவிட்டதாலும், கவனியாமல் விட்டதாலும் பாழாய்க் கிடக்கும் தொட்டிகள் உண்டு. ஆகவே கட்டுமுன் யோசியுங்கள். மாட்டுக்குத் தினமும் தீனி போடுகிறோம் அல்லவா? தொட்டிக்கும் தினமும் தீனி வேண்டும். அதைத் தவறாமல் போட்டால், அடுப்பும் எரியும், வயலும் விளையும், தாயாரின் கண்ணும் கலங்காது.