அலங்காரம் கலைக்கும் நேரம்

கலியாண வீட்டிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்புகிறீர்கள். பிள்ளைகள் தூக்கத்தில் சிணுங்குகிறார்கள். இஷா இன்னும் தொழவில்லை. முகத்தில் பவுண்டேஷன், உதட்டுச் சாயம், தண்ணீரில் கரையாத மஸ்காரா. சவர்க்காரம் போட்டு அவசர அவசரமாகத் தேய்க்கிறீர்கள். கண் எரிகிறது, மை போகவில்லை. அது போகாவிட்டால் இமை முடிக்குத் தண்ணீர் சேராது. பிறகு வுழூ எப்படி?

சகோதரிகளே, அந்த மஸ்காராவில் மெழுகு சேர்ந்திருக்கிறது. மெழுகைத் தண்ணீர் அசைக்காது, எண்ணெய்தான் கரைக்கும். மென்மையான பருத்தித் துணியில் நாலைந்து துளி எண்ணெய் விட்டு, மூடிய கண்மேல் இருபது விநாடி அளவு மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பின் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைத்தெடுங்கள். தேய்க்கவே வேண்டாம். கண் வில்லை அணிபவர்கள் முதலில் கையைக் கழுவி அதைக் கழற்றிவிட வேண்டும். கடைசியில் எண்ணெய்ப் பசை போக, காரமில்லாத சவர்க்காரத்தால் முகத்தைக் கழுவுங்கள். பசை இருந்தாலும் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

தேங்காய் எண்ணெய் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் முகப்பரு வரும் தோலுக்கு அது ஆகாது, துவாரங்களை அடைத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் சூரியகாந்தி எண்ணெயைப் பாவிக்கலாம். தேசிக்காய்ச் சாறு பூசச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தப் புளிப்பு தோலுக்கு மிக அதிகம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போவதும் உண்டு.

இப்போது பலர் கைப்பைக்குள் வைத்திருப்பது வெட் டிஷூ. பார்க்கக் கடதாசி மாதிரித்தான். ஆனால் பெரும்பாலானவற்றில் இருப்பது பிளாஸ்டிக் இழை. மலசலகூடத்தில் போட்டால் கரையாது, குழியை அடைக்கும். 2017 இல் லண்டன் வைட்சப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில் 250 மீற்றர் நீளத்துக்கு, ஏறத்தாழ 130 தொன் எடையுள்ள அடைப்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்போடு சேர்ந்து இறுகியிருந்தவை இந்த டிஷூக்களும் குழந்தைகளின் நெப்கின்களும்தான். அவை கெடாமலிருக்கச் சேர்க்கும் மெதைல் ஐசோதயசோலினோன் என்ற மருந்து பலருக்குத் தோல் அரிப்பைத் தந்ததால், முகத்தில் பூசிக் கழுவாமல் விடும் பொருட்களில் அதனை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடைசெய்தது. வாங்குவதென்றால் பெட்டியின் பின்புறத்தை வாசித்துவிட்டு வாங்குங்கள். நம் நாட்டிலும் பிளாஸ்டிக் காம்புள்ள காது குடையும் பஞ்சுக் குச்சிகள் 2021 மார்ச் 31 முதல் தடை.

இவ்வளவுக்கும் பதில் உங்கள் அலுமாரியிலேயே இருக்கிறது. நைந்துபோன பருத்திச் சாரனையோ பிள்ளையின் பழைய பெனியனையோ உள்ளங்கை அளவில் பத்துப் பன்னிரண்டு துண்டுகளாக வெட்டி, ஓரம் தைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை துடைத்ததைக் கழுவாமல் மறுமுறை கண்ணில் வைக்கவேண்டாம். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

கியூடெக்ஸ் மட்டும் எண்ணெய்க்கு மசியாது. அதைக் கழுவும் மருந்தில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது சட்டெனத் தீப்பற்றக் கூடியது. குசினியில், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திறக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.