வெற்றிப்படங்களில் அதிகாரம் படைத்த பெண்: 'மன்னன்' முதல் 'பொன்னியின் செல்வன்' வரை

திரைப்படங்களில் பெண் பாத்திரங்களின் நிலையை அளக்கப் பலரும் எடுத்தாள்வது, அலிசன் பெக்டெல் 1985-இல் தம் சித்திரக்கதையில் முன்வைத்த சோதனை. படத்தில் குறைந்தது இரு பெண்கள் இருத்தல் வேண்டும்; அவர்கள் தமக்குள் உரையாடல் வேண்டும்; அவ்வுரையாடல் ஆடவனைப் பற்றியதாக மட்டும் இருத்தலாகாது. எளிய சோதனைதான், தோற்கும் படங்களோ ஏராளம். ஆயினும் தமிழ்த் திரையின் செல்வாக்குமிக்க கதைவகை ஒன்று இவ்வலையில் சிக்குவதில்லை. அதிகாரம் படைத்த பெண்ணை நாயகன் அடக்கும் கதையே அது.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவிய 'அறிவாளி' (1963), 'பட்டிக்காடா பட்டணமா' (1972) ஆகியவற்றில் இதன் முன்வடிவங்களைக் காணலாம். பி. வாசுவின் 'மன்னன்' (1992) அதனை ஆலைக்குள் கொண்டுவந்தது. விஜயசாந்தி ஏற்ற சாந்திதேவி தொழிலதிபர். குஷ்பு ஏற்ற மீனா அவருடைய செயலாளர். இவ்விருவரும் அலுவல் பற்றிப் பேசும் ஒரு நொடியிலேயே பெக்டெல் சோதனை நிறைவேறிவிடும். ஆனால் படம் முடியும்போது சாந்திதேவி இல்லத்தரசி. ஆலைக்குச் செல்பவன் கணவன். கன்னட 'அனுராக அரளிது'வின் (1986) மறுவாக்கமான இக்கதை தெலுங்கிலும் இந்தியிலும் படமானது. ஆகவே இதனைத் தமிழ்ச் சமூகத்தின் தனிக்குறையாகக் கருதுவது பொருந்தாது.

கே. எஸ். ரவிகுமாரின் 'படையப்பா' (1999) இவ்வகையின் உச்சம். ரம்யா கிருஷ்ணனின் நீலாம்பரி அடங்க மறுக்கிறாள். அவளுடைய இல்லத்திற்கு வரும் நாயகனுக்கு அமர இருக்கை இல்லை; அவள் மட்டும் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாள். அவனோ தோள் துண்டை வீசி, மேலே கட்டப்பட்டிருந்த ஊஞ்சலை இறக்கி அமர்கிறான். யார் அமரலாம், யார் நிற்கவேண்டும் என்பது நம் ஊர்களின் நெடுநாள் வழக்கு. அதனை ஒரு பெண் ஆடவன்மீது திருப்பும்போது அரங்கம் அதனைத் திமிர் என்கிறது. அவன் ஊஞ்சலை இறக்கும்போது ஆரவாரம் செய்கிறது. இறுதியில், பகைவனால் காக்கப்பட்ட உயிரோடு வாழ விரும்பாமல் அவள் தன்னையே சுட்டுக்கொள்கிறாள். பணிவே உருவான வசுந்தராவைவிட இவளையே மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர் என்பது கதையாசிரியர் திட்டமிடாத விளைவாக இருக்கக்கூடும்.

நீலாம்பரிக்கு முன்மாதிரி கல்கியின் நந்தினி என்று ரஜினிகாந்த் 2022-இல் 'பொன்னியின் செல்வன்' பட விழாவில் குறிப்பிட்டார். இவ்வழித்தோன்றலில் இழப்பு ஒன்று உண்டு. நந்தினியின் சினத்தில் வீரபாண்டியனின் கொலை இருக்கிறது. பாண்டிய நாட்டின் வீழ்ச்சி இருக்கிறது. சோழ அரியணையின் வாரிசுரிமைச் சிக்கலும் இருக்கிறது. நீலாம்பரியிடம் எஞ்சியிருப்பது மறுக்கப்பட்ட காதல் மட்டுமே. பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் அடைந்துகிடக்கும் அவளது உறுதிக்கும் ஓர் ஆடவனே காரணம். சாந்திதேவியிடம் ஆலையாவது இருந்தது.

ஐஸ்வர்யா ராயின் நடிப்பில் நந்தினி திரைக்கு வந்தபோது அந்த அரசியல் ஓரளவு மீண்டது. எனினும் மணிரத்னம் 2023-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் தொடக்கக் காட்சிகளை அரியணைக்கு அளிக்கவில்லை. நந்தினிக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் இடையிலான இளமைக் காதலுக்கே அளித்தார்.