தீவிலேயே விளையும் மின்சாரம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் கையில் கனக்கும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதை 1909இல் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். மோனசைட்டில் உள்ள தோரியம்தான் அன்று ஐரோப்பியக் காஸ் விளக்குகளின் மேண்டிலை வெள்ளையாய் ஒளிரவைத்தது. இங்கே ஆலை வந்தது, மணல் கப்பலேறியது. அயல்நாட்டுத் தெருவுக்கு ஒளி கொடுத்த இந்தக் கரையில் அன்று அந்தி சாய்ந்தால் எண்ணெய் விளக்குதான்.

ஒரு மண்ணின் வளம் முதலில் அந்த மண்ணில் வாழ்பவருக்குப் பயன்பட வேண்டும். மினி கிரிட் என்னை ஈர்ப்பது இதனால்தான். ஊரிலேயே சோலாரும் காற்றாலையும் மின்சாரம் தரும். மிஞ்சுவது பேட்டரியில் சேரும். கம்பிகள் அந்த ஊர் வீடுகளோடு நின்றுவிடும்.

நம் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இலங்கையின் பெரிய மின்தொகுப்பு எட்டவில்லை. டீசல் ஜெனரேட்டர்தான் வழி. டீசலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். மூன்று தீவுகளுக்கும் கலப்பு மின்திட்டம் அமைக்கும் ஒப்பந்தம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. தமிழகக் கரைக்கு இத்தனை அருகிலா என்று இந்தியா ஆட்சேபித்தது; பணி நின்றது. பிறகு இந்தியாவே 1.1 கோடி டாலர் நன்கொடை தர, 2024 மார்ச்சில் பெங்களூரு நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், 2,400 கிலோவாட் மணி பேட்டரி. அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல். இரு வல்லரசுகள் கணக்குப் பார்த்த காலமெல்லாம் தீவு மக்கள் காத்திருந்தார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நிறுவுவதைவிட நீடிக்கவைப்பதுதான் கடினம். பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014இல் கிரீன்பீஸ் 100 கிலோவாட் சோலார் மினி கிரிட் அமைத்தது. ஊரார் முன்னாள் முதலமைச்சரிடமே, எங்களுக்கு 'அசல்' மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்தச் சோலாரில் ஃபிரிட்ஜ் ஓட்ட முடியவில்லை, விலையும் கூடுதல். அரசுக் கம்பி மலிவாக வந்து சேர்ந்ததும் பேட்டரிகள் செத்தன. சில ஆண்டுகளில் அந்தச் சோலார் நிலையத்தில் மாடு கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நகரத்தான் கேட்கும் மின்சாரத்தைத்தானே அவர்களும் கேட்டார்கள்?

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி வேறு வழி கண்டது. 2006இல் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறக்குறைய 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊர்ச்சொத்தாகவே வாங்கியது. அது மினி கிரிட் அல்ல. மின்சாரம் மின்வாரியத்துக்கே போகிறது. ஆனால் வருமானமும் பொறுப்பும் ஊருடையவை.

தீவுகளுக்கும் அந்தப் பொறுப்பு வாய்க்க வேண்டும். உப்புக்காற்று இரும்பை விடாது. பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. மாற்று பேட்டரிக்கான பணத்தை முதல் மாதக் கட்டணத்திலிருந்தே ஒதுக்கிவைக்க வேண்டும். பழுது பார்க்க நெடுந்தீவுப் பிள்ளைகளையே இப்போதே பழக்க வேண்டும். இவை இல்லாவிட்டால், அவசரத்துக்கென்று வைத்த டீசல் இயந்திரமே மறுபடி அன்றாடம் ஓடும்.