காவலனும் கணக்கேடும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

முன்னுரை

வங்கியாயினும் மருத்துவமனையாயினும், இன்று நூற்றுக்கணக்கான கணிப்பொறிகளும் கருவிகளும் ஒரே வலையமைப்பில் பிணைந்து இயங்குகின்றன. எந்தக் கருவி நின்றது, எதன் வட்டு நிரம்பியது என்று ஒருவர் ஒவ்வோர் அறையாகச் சென்று பார்த்துக் கொண்டிருக்க இயலாது. அவ்வேலைக்கென அமர்த்தப்பட்ட இரவுக் காவலனே வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருள். அவன் நிமிடந்தோறும் சுற்றி வருகிறான். கண்டதையெல்லாம் ஒரு கணக்கேட்டில் எழுதி வைக்கிறான். அந்த ஏடுதான் தரவுத்தளம்.

காவலனுக்கும் ஏட்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்? கருவிகள் அனைத்தும் நலமாக இருக்கலாம். அல்லது பாதி பழுதாகியிருக்கலாம். எது உண்மை என்று சொல்ல ஆளில்லை. அத்தொடர்பு ஏன் அறுகிறது, அதை எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதை நான் அறிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜாபிக்ஸ் ஓர் அறிமுகம்

எடுத்துக்காட்டாக ஜாபிக்ஸ் என்னும் மென்பொருளைக் கொள்வோம். லாட்வியா நாட்டின் ரீகா நகரைச் சேர்ந்த அலெக்ஸி விளாடிஷெவ் 1998-இல் இதை எழுதத் தொடங்கினார். 2001-இல் மூலநிரலுடன் பொதுமக்களுக்கு வெளியிட்டார். 2005-இல் இதற்கென ஒரு நிறுவனம் அங்கே தொடங்கப்பெற்றது. விலையின்றிக் கிடைப்பதால் மாணவர் பழகுவதற்கு ஏற்றது. எங்கள் துறை ஆய்வகத்தில் பயன்பாட்டில் இல்லாத ஒரு கணிப்பொறியில், பேராசிரியரின் அனுமதியோடு நண்பர்கள் சிலர் இதை நிறுவியுள்ளோம். வேண்டுமென்றே தொடர்பைத் துண்டித்து, என்ன செய்தி வருகிறது என்று குறித்துக் கொள்வது எங்கள் பயிற்சி.

ஜாபிக்ஸ் மூன்று உறுப்புகளால் ஆனது. ஒன்று, தகவல் திரட்டும் ஜாபிக்ஸ் சர்வர். இரண்டு, மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளம். மூன்று, நாம் பிரவுசரில் காணும் வலைமுகப்பு. இங்கே கவனிக்க வேண்டியது, சர்வரும் முகப்பும் தனித்தனியே தரவுத்தளத்தோடு பேசுகின்றன என்பதாகும். இரண்டுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்புகள் உண்டு. தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றுகிறவர் இரு கோப்புகளிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் ஒரு கண் தெரியும், மறு கண் தெரியாது.

இரண்டு அறிவிப்புகள்

முகப்பே திறக்காமல் 'தரவுத்தளப் பிழை' என்று வந்தால், முகப்புக்கும் தரவுத்தளத்துக்கும் இடையே கோளாறு. முகப்பு திறந்து, 'ஜாபிக்ஸ் சர்வர் இயங்கவில்லை, காணும் தகவல் பழையதாக இருக்கலாம்' என்ற பொருளில் எச்சரிக்கை வந்தால், முகப்பு தரவுத்தளத்தை அடைந்துவிட்டது, சர்வரைத்தான் அடையவில்லை. சர்வர் நின்றிருக்கலாம், அல்லது 10051 என்ற போர்ட் அடைபட்டிருக்கலாம். ஆகவே எந்த அறிவிப்பு வந்தது என்பதைக் கொண்டே பாதி இடத்தைத் தேடாமல் விலக்கிவிடலாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஜாபிக்ஸ் சர்வரின் பதிவேடு. 'தரவுத்தளம் விழுந்துவிட்டது, 10 விநாடியில் மீண்டும் முயல்கிறேன்' என்னும் பொருள்பட ஒரு வரி அதில் திரும்பத் திரும்ப வரும். இவ்வரியை மட்டும் கண்டு தரவுத்தளம் நின்றுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. உண்மையான காரணம் அதற்கு மேல் உள்ள வரியில், ஓர் எண்ணோடு இருக்கும்.

வரிசையே வழி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் விவசாயி. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் அவர் உடனே மோட்டாரைக் கழற்றமாட்டார். முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார்; பிறகு பியூஸ், பிறகு ஸ்டார்ட்டர், கடைசியாகப் புட்வால்வு. எளிதானதும் அருகிலுள்ளதும் முதலில். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். கணிப்பொறித் துறையினர் கையாளும் முறையும் இதுவேயன்றி வேறில்லை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துக்கு அதைப் பொருத்திக் காண்போம்.

முதலாவது, தரவுத்தளம் உயிரோடு இருக்கிறதா? எண் 2002 வந்து, 'சாக்கெட்' என்ற சொல்லும் இருந்தால், அதே கணிப்பொறியிலுள்ள தரவுத்தளத்தின் வாயில் கிட்டவில்லை என்று பொருள். தரவுத்தளம் நின்றிருக்கும், அல்லது சாக்கெட் கோப்பு வேறிடத்தில் இருக்கும். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் இந்தச் சாக்கெட் வழியே செல்லும், 127.0.0.1 என்று எழுதினால் போர்ட் வழியே செல்லும். இரண்டும் ஒரே இடத்தைக் குறித்தாலும் வழி வேறு. தரவுத்தளம் நின்றிருப்பின் வட்டில் இடம் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். வட்டு நிரம்பினால் அதனால் எழுத முடியாது. மீண்டும் தொடங்கவும் மறுக்கலாம்.

இரண்டாவது, பாதை திறந்திருக்கிறதா? தரவுத்தளம் வேறு கணிப்பொறியில் இருந்தால் எண் 2003 வரும். அதிலும் இரு வகை உண்டு. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் பெரும்பாலும் அது நல்ல செய்தியே. அந்தக் கணிப்பொறி இருக்கிறது, பாதையும் இருக்கிறது, ஆனால் 3306 என்ற போர்ட்டில் கேட்பவர் இல்லை. உபுண்டுவில் நிறுவும்போது மைஎஸ்க்யூஎல் தன் சொந்தக் கணிப்பொறிக்கு மட்டும் செவிகொடுக்குமாறு அமைக்கப்படுகிறது. 'பைண்ட் அட்ரஸ்' என்ற வரியை மாற்றினால்தான் வெளியார் குரல் கேட்கும். மாறாக, நெடுநேரம் காத்திருந்து 'டைம்ட் அவுட்' என்று வந்தால், இடையில் ஃபயர்வால் ஓசையின்றித் தடுக்கிறது, அல்லது அந்தக் கணிப்பொறியே அணைந்திருக்கிறது. கதவைத் தட்டியதும் 'இல்லை போ' என்பதற்கும், தட்டியும் பதிலே இல்லாததற்கும் உள்ள வேறுபாடு இது.

மூன்றாவது, உள்ளே விடுகிறார்களா? 1045 என்ற எண்ணோடு 'ஆக்ஸஸ் டினைட்' என்று வந்தால் பாதையில் குறையில்லை. பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. 1130 என்றால் அந்தக் கணிப்பொறியிலிருந்து வர எவருக்கும் அனுமதியில்லை. மைஎஸ்க்யூஎல் ஒருவரைப் பெயரால் மட்டும் அறிவதில்லை. எங்கிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே அறிகிறது. லோக்கல்ஹோஸ்டிலிருந்து வரும் 'ஜாபிக்ஸ்' வேறு ஆள், 192.168.1.20-லிருந்து வரும் 'ஜாபிக்ஸ்' வேறு ஆள். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமல்லவா?

நான்காவது, உள்ளே இடம் இருக்கிறதா? 1040 என்ற எண் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்பதைக் குறிக்கும். மைஎஸ்க்யூஎல் இயல்பாக 151 இணைப்புகளையே ஏற்கும். ஜாபிக்ஸ் சர்வரோ பல செயல்களாகப் பிரிந்து இயங்குவது. அவை தத்தமக்கென இணைப்பு வைத்துக் கொள்கின்றன. கண்காணிக்கும் கருவிகள் பெருகப் பெருகச் செயல்களையும் கூட்டுவர். தரவுத்தளத்தின் வரம்பை உயர்த்த மறந்துவிடுவர். நேற்றுவரை நன்றாக ஓடியது இன்று நிற்பதற்கு இது ஒரு காரணம்.

செய்யத் தகாதவை

செய்தியைப் படிக்கும் முன்னரே எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் தொடங்குவது பலரின் வழக்கம். சில வேளை சரியாகும். ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. மறுமுறையும் அதே இருட்டு. ஃபயர்வாலை முழுவதும் நீக்கிவிடுவதும், தரவுத்தளத்தின் தலைமைப் பயனரான 'ரூட்' பெயரிலேயே மென்பொருளை இணைத்துவிடுவதும், பூட்டு திறக்கவில்லை என்று கதவையே பெயர்ப்பது போன்றவை. இவற்றினும் கொடியது, பழைய தரவுத்தளத்தை அழித்துப் புதிதாக நிறுவுவது. தொடர்பு கிடைத்துவிடும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பதிவுகள் போய்விடும்.

காலமும் முக்கியமானது. வெளியூர்க் கிளைகளில் தகவல் திரட்டும் 'பிராக்ஸி' இருந்தால், சர்வரோடு தொடர்பற்ற நேரத்தில் இயல்பாக ஒரு மணி நேரத் தகவலைச் சேமித்து வைக்கும். அதற்கு மேல் பழையது கழியும். ஆகவே வரிசை தெரிந்தவர் அந்த ஒரு மணிக்குள் வேலையை முடித்தால் ஏட்டில் வெற்றுப் பக்கம் விழாது.

முடிவுரை

திரையில் ஆங்கிலத்தில் பிழைச் செய்தி வந்தால், வீட்டில் கேட்டறிய ஆளில்லாத நம்மில் பலர் அதை ஒரு வசவாக எண்ணி அஞ்சுகிறோம், படிக்காமலே மூடிவிடுகிறோம். அது வசவன்று, சாட்சியம். '2002' என்றால் வாயிலில் நின்றேன், '2003' என்றால் பாதையில் நின்றேன், '1045' என்றால் உள்ளே விட மறுத்தனர், '1040' என்றால் உள்ளே இடமில்லை என்று எவ்வளவு தூரம் சென்றேன் என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. கேட்கும் பொறுமையே நமக்கு வேண்டும். நண்பர்களே, அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு பிழைச் செய்தியைக் கண்டால், மூடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். எண்ணை எழுதுங்கள், நேரத்தை எழுதுங்கள், எதை மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். கணக்கேடு காவலனுக்கு மட்டுமன்று, கற்பவனுக்கும் வேண்டும்.