வாய்த் தூய்மையும் வாய் எரிச்சலும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து அமைந்தது ஓசூர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அவ்வூர்ப்புறத்து உழவர், முற்காலத்தில் ஆலங்குச்சியோ வேப்பங்குச்சியோ ஒடித்து மென்று, பல் துலக்கியவாறே கேழ்வரகுக் கொல்லைக்குச் சென்றனர். இன்று அங்கே ஊர்தித் தொழிற்சாலைகளும் பிற ஆலைகளும் பெருகியுள்ளன. விடியற்காலைப் பணிக்கு விரையும் தொழிலாளர் பற்பசையால் நுரை பொங்கத் தேய்த்து, காரமான நீர்மத்தால் வாய் கொப்பளித்துப் புறப்படுகின்றனர். காலத்திற்கேற்ற இம்மாற்றம் குறைகூறத் தக்கதன்று. ஆயினும், வாய் எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு தூய்மை என்னும் தவறான எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. மாணவர்களே! அது உண்மைதானா என ஆராய்வோம்.

பல்லில் படியும் அழுக்கை அகற்றுவன எவை? பல்துலக்கியின் இழைகளும், பற்பசையிலுள்ள நுண்ணிய தூளுமே. நுரைக்காகப் பல பற்பசைகளில் சோடியம் லாரில் சல்பேட்டு என்னும் பொருளைச் சேர்க்கின்றனர். வாயின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்துள்ளது. உமிழ்நீரின் வழவழப்பான பகுதி அதன்மேல் படிந்து அதனைக் காக்கிறது. நுரைப்பொருள் சிலருக்கு அக்காப்பைக் குலைத்துவிடும். அப்போது சவ்வு உரியும், வாய் எரியும். மணத்திற்காகச் சேர்க்கும் இலவங்கப்பட்டைச் சத்தும் புதினாச் சத்தும் சிலருக்கு ஒவ்வா. கொப்பளிக்கும் நீர்மங்கள் சிலவற்றிலுள்ள ஆல்ககாலும் வாயை உறுத்தி எரிச்சல் உண்டாக்கும். எனவே, எரிச்சல் தூய்மையின் அடையாளமன்று. உடல் விடுக்கும் எச்சரிக்கையே ஆகும்.

எரிச்சலுக்கு மக்களின் மிகையான ஆர்வமும் ஒரு காரணமாகும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீர் 1 லிட்டரில் அது 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் புளோரைடு மிகுந்த நீரை நெடுநாள் பருகியவர்க்குப் பல்லில் பழுப்புக் கறை தோன்றும். அக்கறை மேலே ஒட்டியதன்று. எனாமல் என்னும் பல்லுறையின் உள்ளேயே அமைந்தது. இதனை அறியாதார் கரித்தூள், செங்கற்பொடி, வெண்மையாக்கும் பசை முதலியவற்றால் அழுத்தித் தேய்க்கின்றனர். கறை நீங்குவதில்லை; எனாமல் தேய்கிறது, ஈறு புண்படுகிறது, வாய் எரிகிறது. கறை வாராமற் காக்கும் வழி நல்ல குடிநீரே. அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

தூய்மைப் பொருள் என்ற பெயரிலேயே தீங்கு விற்கப்பட்டதும் உண்டு. புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் முன்னர் நம் நாட்டில் வழங்கின. பற்பொருள்களில் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆதலின், பெயரை மட்டும் நம்பாது, உறையில் அச்சிட்டுள்ள சேர்க்கைப் பட்டியலைப் படித்தறிதல் நலம்.

வாய் எரிந்தால் செய்வது என்ன? பல் துலக்குவதை நிறுத்தலாகாது. புதிதாக வாங்கிய பசையையும் நீர்மத்தையும் விலக்கி, நுரையும் காரமும் குறைந்த பசையால் 2 வாரம் மென்மையாகத் துலக்க வேண்டும். எரிச்சல் தணிந்து, பழைய பசையைத் தொட்டதும் மீண்டும் தோன்றினால், குற்றவாளி இன்னதெனத் தெளியலாம். தணியாவிடின் மருத்துவரை நாடல் வேண்டும். குருதிச்சோகை, நீரிழிவு, வாய்க்காளான் முதலியவற்றாலும் நா எரியும். பாக்கு மெல்லுவோர்க்கு உணவு பட்டவுடன் வாய் எரிவதும், வாயை அகலத் திறக்க இயலாமையும் கொடிய நோயின் தொடக்கமாகலாம். அந்நிலையில் பசையை மாற்றிக்கொண்டு காலம் கடத்துதல் உயிருக்கே கேடாய் முடியும்.

தேய்க்கும் பொருளின் காரமன்று, தேய்ப்பவரின் அறிவே வாயைக் காப்பது. இன்றே உங்கள் வீட்டுப் பற்பசையின் உறையை எடுத்துப் படியுங்கள்; இல்லத்தாருக்கும் விளக்குங்கள். இவ்வாய் இன்சொல் பிறக்கும் இடமன்றோ? அதனை எரியவிடாது காத்தல் நம் கடமையாகும்.