கொதிநீர் எத்தனை லிட்டர்? கணக்கு நம்ம கையில்!



முட்டைக்கோஸ் நாற்று விடும் குழுக்களுக்குக் கருப்பு அழுகல் நோய் பெரிய பயம். இந்தக் கிருமி விதையோடவே வரும். விதையை 50 டிகிரி வெந்நீரில் 25 முதல் 30 நிமிடம் ஊற வைத்தால் நோய் குறையும். ஆனால் சூடு கம்மியானால் கிருமி பிழைச்சிடும். கூடினால் விதை செத்துடும், கடன் வாங்கிப் போட்ட பணமும் போச்சு. கையை விட்டுப் பார்த்துச் சொல்ற விஷயம் இல்லை இது.

10 லிட்டர் பச்சைத் தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு கொதிநீர் ஊற்றணும்? நம்ம குழுவின் வரவு செலவு நோட்டு மாதிரிதான். ஒருவர் கொடுத்ததும் இன்னொருவர் வாங்கியதும் சமமாக இருக்கணும். கொதிநீர் இழக்கும் வெப்பத்தைத்தான் பச்சைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும்.

1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி சூடேற 1 கிலோ கலோரி வெப்பம் வேண்டும்.

வாங்குவது: 10 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியில் இருந்து 50க்கு ஏறணும். 10 x 20 = 200.

கொடுப்பது: 1 லிட்டர் கொதிநீர் 100 டிகிரியில் இருந்து 50க்கு இறங்கும். அது கொடுப்பது 50.

200ஐ 50ஆல் வகுத்தால் 4. ஆக, 4 லிட்டர் கொதிநீர் போதும்.

மலையில் கணக்கு மாறும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். பச்சைத் தண்ணீரும் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், வாங்குவது 10 x 30 = 300. லிட்டருக்குக் கொடுப்பது 43. அங்கே சுமார் 7 லிட்டர் வேண்டும்!

பாத்திரமும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், காற்றிலும் கொஞ்சம் போகும். அதனால் கணக்குப்படி ஊற்றி, கலக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது, அது 42 டிகிரி வரைதான் காட்டும். 100 டிகிரி வரை காட்டுவதாக வாங்குங்கள்.

சரியாக 50 வந்த பிறகே, துணியில் தளர்வாகக் கட்டிய விதையைப் போடுங்கள். சூடு இறங்கினால் ஓரமாகக் கொஞ்சம் கொதிநீர் சேருங்கள், விதை மேல் நேராக ஊற்றாதீங்க. நேரம் முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். மருந்து பூசிய விதைக்கு இந்த முறை வேண்டாம்.

முதலில் 100 விதையை மட்டும் இப்படிச் செய்து முளைக்க வையுங்கள். நன்றாக முளைத்தால் மீதியைப் போடலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் விதை இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒருமுறை செய்து பார்ப்போமா?